பெரியப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்த மலாய்

சென்ற வாரம் என் மகளின் பள்ளியில், பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மலாய்மொழியில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். அவள் முதலாம் ஆண்டுதான் படிக்கிறாள். நான் பன்னிரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தேன். தலை பின்னும்போதும் காரில் போகும்போதும் சொல்லச் சொல்லி, ஓர் எழுத்துப் பிசகாமல் அவள் ஒப்பிக்கும்வரை விடவில்லை. வகுப்பில் ஐந்தாவது வரியில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, உன் பூனைக்கு என்ன பெயர் என்று குறுக்கே கேட்டாராம். இவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கியிருக்கிறாள். அந்தப் பூனைக்குப் பெயர் வைத்ததே இவள்தான்.

ஆசிரியர் அதைக் குறையாக எழுதவில்லை. வாட்சாப்பில் ஒரு சிரிப்புப் படத்தோடுதான் அனுப்பியிருந்தார். நான்தான் அந்தச் செய்தியை ஐந்தாறு முறை திறந்து திறந்து படித்தேன். வரிகளைக் குறைத்திருக்க வேண்டுமோ, கேள்விகளுக்கும் சேர்த்துப் பழக்கியிருக்க வேண்டுமோ, எழுதியே கொடுத்திருக்கக் கூடாதோ என்று ஒன்று மாற்றி ஒன்றாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை கடைசியில் பெரியப்பாவிடம் போய் நின்றது.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளானில் எங்களுடைய அடுக்குமாடி வீட்டின் முன்கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார். போர்ட் கிள்ளானில் கொள்கலன் ஏற்றும் லோரியில் ஓட்டுநருக்கு உதவியாளாக வேலை. அவரும் அப்பாவும் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், தொழிலாளர் வரிசையில் ஒரே லயத்து வீடு. ஆனால் அப்பாவின் அடையாள அட்டை நீல நிறம், பெரியப்பாவுடையது சிவப்பு. அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது, பெரியப்பாவுக்கு இல்லை. சிலர் கண்ணாடி போட்டிருப்பார்கள், சிலர் போட்டிருக்க மாட்டார்கள் என்பதுபோல இதையும் நான் சின்ன வயதில் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம். குடிமகன் மட்டும் இல்லை. மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடப் போனால், அட்டையின் நிறத்தைப் பார்த்ததுமே மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தேர்தல் நாளில் அப்பாவும் அம்மாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஓட்டுப் போடப் போவார்கள். பெரியப்பா என்னோடு வீட்டில் இருந்து நண்டுக் குழம்பு வைப்பார். "நாட்டைப் பாக்க அவங்க போயிட்டாங்க. சோத்தைப் பாக்க ஓர் ஆள் வேணுமில்ல லா" என்பார். நான் சிரிப்பேன். அவர் சிரித்தாரா என்று நினைவில்லை.

குடியுரிமைக்கு அவர் இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். இரண்டு முறையும் மலாய்மொழி நேர்காணலில் நின்றுபோனது. முதல் முறை நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தையே வரவில்லையாம். இரண்டாம் முறை நாட்டின் உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் கேட்டபோது இரண்டுதான் தெரிந்ததாம். நான் நான்காம் ஆண்டு படித்தபோது மூன்றாவது முறையாக அழைப்புக் கடிதம் வந்தது. பெரியப்பாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதை விட்டால் மறுபடி விண்ணப்பித்து, காத்திருந்து, இன்னொரு கடிதம் வர எத்தனை வருஷம் ஆகுமோ என்று அப்பா கவலைப்பட்டார். இந்த முறை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

யார் சொல்லிக் கொடுப்பது என்ற பேச்சு வந்ததும் அம்மா தொலைக்காட்சிப் பெட்டியின் மேலே இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே நடந்த மலாய்ச் செய்யுள் ஒப்புவிக்கும் போட்டியில் நான் வாங்கியது. ஒப்பிப்பதில் என்னை யாரும் அசைக்க முடியாது. எங்கள் வகுப்பாசிரியர் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகள் முப்பதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தேர்வில் எந்தத் தலைப்பு வந்தாலும் அவற்றில் ஒன்றை வளைத்துப் பொருத்திவிடுவேன்.

பெரியப்பாவுக்கு ரோமன் எழுத்து ஓடாது. தமிழ் நன்றாகப் படிப்பார். அதனால் இருபத்திரண்டு கேள்விகளையும் பதில்களையும் மலாய்மொழியில் யோசித்து, தமிழ் எழுத்தில் எழுதி, எண் போட்டுக் கொடுத்தேன். 'கெபெர்சாயாஆன் கெபாட துஹான்', இறைவன்மேல் நம்பிக்கை, என்று கோட்பாடுகள் தொடங்கும். நீட்ட வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நீலப் புள்ளி. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு அவர் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் நாற்காலியில் அடிக்கோலோடு உட்காருவேன். என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். பதில் பிசகினால் தானாகவே கையை நீட்டுவார். நான் உண்மையாகவே அடித்திருக்கிறேன், மெதுவாகத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு மலாய் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாள் முழுவதும் அவர் அதைத்தான் பேசினார். துறைமுக வாசலில் காவலர்களோடு, சாப்பாட்டுக் கடையில், கிடங்குகளில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு சந்தைக்கு, பாசாருக்கு, போனால் எனக்குக் கால் வலிக்கும். நான்கு மீன் கடைகளைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒருவர் மகனின் கல்யாணத்தைச் சொல்வார், இன்னொருவர் முட்டி வலியைச் சொல்வார். ஒரு மீன்காரர் தெங்கிரி மீனின் தலையைப் பெரியப்பாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். அவர் ஒருமுறை என்னைப் பார்த்து, பாப்பாவுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று கேட்டார். என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. முப்பது கட்டுரைகளிலும் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அப்போது எனக்கு அது என் குறையாகத் தோன்றவில்லை. அவர்கள் பேசுவது பிழையான மலாய், பிழையான மலாய்க்கு என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பயிற்சியின் முதல் நாளே அந்த மலாயை நான் தடை செய்தேன். ஏழாவது கேள்வி, எங்கே பிறந்தீர்கள் என்பது. அதற்கு என் தாளில் இருந்த பதில் இரண்டே வரி: நான் கேரி தீவில் பிறந்தேன், நான் இந்த நாட்டை நேசிக்கிறேன். பெரியப்பா ஒவ்வொரு பதிலையும் அவருடைய மலாயில் நீட்டி முழக்கப் பார்ப்பார். நான் அடிக்கோலைத் தட்டுவேன். அது பாசார் மலாய், அதிகாரி கேட்டால் சிரிப்பார் என்று சொல்வேன். சிரிப்பார் என்ற சொல் அவரை உடனே நிறுத்திவிடும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "டீச்சரம்மா, தாள்ல இல்லாதது எதையாச்சும் கேட்டுட்டா?"

என் வகுப்பாசிரியர் எங்களுக்குச் சொல்வதை நான் அப்படியே அவருக்குச் சொன்னேன். "தெரியாததைப் பேசக்கூடாது பெரியப்பா. தாள்ல இருக்கறத மட்டும் சொல்லுங்க. மத்ததுக்கு வாயைத் தொறக்காதீங்க. தப்பாப் பேசுனா இருக்கற மார்க்கும் போயிடும்."

அவர் தாளை நான்காக மடித்தார். பிறகு, சரிங்க டீச்சரம்மா என்றார். நான் பத்து வயதுப் பிள்ளை. அவர் நான் பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர். ஆனாலும் அந்தச் சரியில் விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடம் போகிறவர்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

நேர்காணல் நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அறிவிப்புப் பலகைகளைப் படித்துச் சொல்ல நான் கூடப் போவதென்று ஏற்பாடு. அம்மா பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர்வரை கொமுட்டர் ரயிலில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணைச் சொல்லிச் சொல்லி அவரைச் சோதித்தேன். பதினெட்டு என்றால் பதினெட்டாவது பதில் வந்தது.

அதிகாரி, என் அம்மாவின் வயதை ஒத்த ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைப் பார்த்ததும் வெளியே இருக்கச் சொல்லாமல், சுவரோரமாக இருந்த நாற்காலியைக் காட்டினார். மேசையிலிருந்த கண்ணாடிக் குப்பியைத் திறந்து ஒரு மிட்டாயும் கொடுத்தார். பெரியப்பாவைப் பாக்சிக் என்று, மாமா முறை வைத்துத்தான் கூப்பிட்டார். பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், வேலையைக் கேட்டார். ருக்குன் நெகாராவைக் கேட்டார். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து ஐந்தையும் சொன்னார். நான் போட்ட சிவப்புக் கோடும் நீலப் புள்ளியும் அந்தந்த இடத்தில் விழுவதை நான் கேட்டேன். அதிகாரி தலையசைத்து, நன்றாகச் சொன்னீர்கள் என்றார். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் தம்பிக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவசரமில்லை, உங்களுக்கு வருகிற மாதிரி சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றார்.

பெரியப்பாவின் முகம் தளர்ந்தது. உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து வாயைத் திறந்தார். பாசாரில் மீன்காரரிடம் பேசத் தொடங்கும்போது அவர் அப்படித்தான் சாய்வார். ஒரு சொல் பாதி வந்துவிட்டது. உடனே நிறுத்திக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் மறுபடி அதிகாரியின் பக்கம் திரும்பினார். நான் கேரி தீவில் பிறந்தேன், நான் இந்த நாட்டை நேசிக்கிறேன் என்றார். அதிகாரி கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். என் தாயும் தகப்பனும் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்று எட்டாவது பதில் வந்தது. யார் உங்களிடம் அந்த நாளைப் பற்றிச் சொன்னார்கள் என்று இன்னும் சுலபமாகக் கேட்டார். பெரியப்பா இரண்டு கைகளையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அதிகாரி வெகுநேரம் காத்திருந்தார். எனக்கே சங்கடமாக இருக்கும் அளவுக்குக் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

இன்னொரு முறை வர வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதில் கடுமை இல்லை. கோட்பாடுகள் சரியாக இருந்தன, ஆனால் பேச்சுத்திறனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே பாக்சிக் என்றார். கதவருகே என்னைப் பார்த்து, வீட்டில் பெரியப்பாவை நிறையப் பேச விடு என்றும் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். இன்னும் அதிகமாக ஒப்பிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் பெரியப்பா எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவரைக் கடிந்துகொண்டேன். ஏழும் எட்டும் சொன்னவர் ஏன் ஒன்பதைச் சொல்லவில்லை, அதைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு பதில் ஆகியிருக்குமே என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். "பெரியப்பா மண்டையில ஏறல லா. டீச்சரம்மா நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்விகள் கஷ்டமாக இருந்தன என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். நான் தலையாட்டியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கோப்பில் வேறு என்ன இருந்ததோ, அதிகாரி என்ன எழுதினாரோ. என் தாள் இல்லாவிட்டால் ஐந்து கோட்பாடுகளும் வந்திருக்காது என்பதும் உண்மை. நானே மனப்பாடத்தில்தான் மேலே வந்தேன். தேர்வுகள், பல்கலைக்கழகம், வேலை எல்லாம் அந்த வழியில்தான். அதனால் மகளிடம் மனப்பாடம் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரத்துக்கான சொல் பட்டியல் இப்போதும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒரு நாள் எடுத்துவிடுகிறேன், மறுநாள் ஒட்டிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்கு நீல அட்டை நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு படிக்கும்போது கிடைத்தது. அந்த முறை தனியாகத்தான் போனார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு அப்போது தேர்வு நடந்துகொண்டிருந்தது.

ஆனால் நான் கூடப் போன அந்த நாளில் சொல்ல இன்னும் ஒன்று மீதம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நாங்கள் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். எதிர் இருக்கையில் ஒரு வயதான மலாய் அம்மா, மடியில் பலாப்பழப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். ஆணா பெண்ணா என்று பெரியப்பா கேட்டார். அதில் தொடங்கியது. பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் அந்த அம்மா ஒரு சுளையை என் கையிலும் ஒரு சுளையை அவர் கையிலும் வைத்துவிட்டார். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். கேரி தீவு என்றார் பெரியப்பா.

பிறகு, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு சொன்னார். அவர் பிறந்த அன்று கடல் ஏறிவரும் பெருநீர். கடலைத் தடுத்துக் கட்டியிருந்த மண்கரை உடைந்து, தண்ணீர் லயத்துக்குள் வந்துவிட்டது. வீட்டில் இருந்த ஒரே மேசையின்மேல் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றை இறக்கிவிட்டு, அங்கேதான் அவருடைய அம்மாவைப் படுக்க வைத்தார்கள். மூட்டைகள் நனைந்து போயின, பிள்ளை நனையவில்லை. தகப்பனைக் கரையை அடைக்கக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பல நாள் விடவில்லை. பிறப்பை எழுத வேண்டிய தோட்டத்துக் கிராணியின் ஆபீஸ் முழுகி, ஏடுகள் கூழாகிவிட்டன. பிறகு வா என்றார்கள். பிறகு போனபோது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். தம்பி பிறந்தது வறண்ட மாதத்தில். அதனால் அவனுக்குப் பத்திரம் இருக்கிறது.

இத்தனையையும் பெரியப்பா மலாய்மொழியில்தான் சொன்னார். 'ஆயேர் நாயேக், சாயா கெலுவார்' என்றார். தண்ணீர் ஏறியது, நான் வெளியே வந்தேன். அந்த அம்மா சிரித்தார். அரிசி மூட்டைகளை இறக்கிய இடத்தில் வாயில் கையை வைத்துக்கொண்டார். கிராணியின் ஏடுகள் கூழான இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷா ஆலாம் நிலையம் வந்ததும் போனதும் இருவருக்கும் தெரியவில்லை.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறந்தேன் என்பதற்கு வெளியே வந்தேன் என்ற சொல் வரக்கூடாது. அது ஒன்று. முன்னொட்டு இல்லாத வினைச்சொற்கள் நான்கு. ஒரு கை விரல்கள் முடிந்து அடுத்த கைக்குப் போனேன். நேர்காணலில் தோற்றுவிட்டு வருகிறவர் இப்படி எல்லோருக்கும் கேட்கும்படி பேசுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கிள்ளானில் நாங்கள் இறங்கும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டு, உன் பெரியப்பா எவ்வளவு அழகாக மலாய் பேசுகிறார் என்றார். பெரியவர்கள் பாராட்டினால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் நேராக நின்று, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மலாய்மொழியில் பதில் சொன்னேன்.

"இல்லை பாட்டி. என் பெரியப்பா இன்று மலாய்மொழி நேர்காணலில் தேர்ச்சி பெறவில்லை."

அந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்து மெதுவாக வாசல் பக்கம் திருப்பினார். அந்த வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை என்ற மகிழ்ச்சியோடு நான் ரயிலிலிருந்து இறங்கினேன்.